லோட் 14, சிபியு 20: சம்பள வாரத்தில் நிற்கும் சர்வரை எப்படிப் படிப்பது

வணக்கம் தம்பி. உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். ஊத்தான் மெலிந்தாங் பக்கத்தில் ஒரு செம்பனை ஆலை. ஆலை ஆபீசில் ஒரு உபுண்டு லினக்ஸ் சர்வர்: 8 கோர், 16 ஜிபி ரேம், ஒன்றுக்கொன்று நகலாக ஓடும் இரண்டு சாதாரண ஹார்ட் டிஸ்க். லோரி எடைமேடைப் பதிவு, தோட்டத்து செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவு), சம்பளக் கணக்கு எல்லாம் அதிலுள்ள போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில்தான். மற்ற நாட்களில் பிரச்சினை இல்லை. மாதம் பிறந்து முதல் வாரம், சம்பளம் போடும் நாட்களில், காலை 10 மணிக்கு மேல் எடைமேடைத் திரை உறைந்துவிடுகிறது. 'அப்டைம்' கட்டளை லோட் 14 என்கிறது. 'டாப்' பார்த்தால் சிபியு 20 விழுக்காட்டைத் தாண்டவில்லை. 'ஃப்ரீ' 300 எம்பிதான் காலி என்கிறது. சாமான் விற்கிறவர் ரேமை 64 ஜிபி ஆக்கச் சொல்கிறார். வாங்கலாமா, இந்த எண்களை எப்படிப் படிப்பது, தலைமை ஆபீசில் இருக்கும் பழைய ஏஐஎக்ஸ் (ஐபிஎம்மின் யூனிக்ஸ்) இயந்திரத்திலும் இதே வழி எடுபடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு ரேம் வாங்காதீர்கள். நீங்கள் கொடுத்த மூன்று எண்களில் 'ஃப்ரீ' காட்டிய 300 எம்பிக்கு அர்த்தமே இல்லை. மற்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், டிஸ்க்கின் முன்னால் கூட்டம் நிற்கிறது என்று சந்தேகப்பட நியாயம் இருக்கிறது. சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை. அதை உறுதிப்படுத்த ஐந்து நிமிடம் போதும், ஆனால் அந்த ஐந்து நிமிடம் சர்வர் தடுமாறும் நேரமாக இருக்க வேண்டும். மாலையில் எல்லாம் சரியான பிறகு உட்கார்ந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

லோட் ஆவரேஜை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதிகம் தப்பாகப் படிக்கப்படுவது அதுதான். 'அப்டைம்' காட்டும் மூன்று எண்களும் கடந்த 1, 5, 15 நிமிடங்களைக் குறிக்கின்றன. பலர் இதை சிபியு எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கான அளவு என்று நினைக்கிறார்கள். மற்ற யூனிக்ஸ்களில், உதாரணமாக சொலாரிஸில், அது பெரும்பாலும் அப்படித்தான்: சிபியுவில் ஓடுகிற, சிபியுவுக்காக வரிசையில் நிற்கிற வேலைகளின் எண்ணிக்கை. லினக்ஸ் வேறு மாதிரி. 1993-இல் வந்த ஒரு மாற்றத்திலிருந்து, டிஸ்க் பதில் சொல்லும்வரை எழுப்ப முடியாத தூக்கத்தில் இருக்கும் வேலைகளையும் லினக்ஸ் சேர்த்தே எண்ணுகிறது. ஓடும் வேலைகளைக் காட்டும் 'பிஎஸ்' பட்டியலில் நிலை 'டி' என்று வருபவை இவைதான்.

சரி, கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 கோரில் 20 விழுக்காடு என்றால் சராசரியாக 1.6 கோர்தான் வேலை செய்கிறது. சிபியு இவ்வளவு சும்மா இருக்கும்போது அதற்காக யாரும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. அப்படியானால் லோட் 14-இல் ஏறத்தாழ 12 எங்கே? சிபியுவுக்கு வெளியே எதற்கோ காத்திருக்கின்றன. பெரும்பாலும் டிஸ்க். சில நேரம் பதில் சொல்லாமல் தொங்கும் ஒரு நெட்வொர்க் டிஸ்க். எடைமேடைக் கேமரா படங்களை வேறொரு பெட்டியில் என்எஃப்எஸ் வழியாகச் சேமிக்கிறீர்கள் என்றால் அதையும் மனதில் வையுங்கள். அந்தப் பெட்டி செத்துப்போனால் சர்வரில் லோட் ஏறிக்கொண்டே போகும், சிபியு தூங்கிக்கொண்டிருக்கும், 'கில்' கட்டளையின் 9-ஆம் சிக்னலுக்கும் சில நேரம் அந்த வேலைகள் அசையாது.

அடுத்தது 'விஎம்ஸ்டாட்'. ஒரே ஒரு கட்டளைதான் மனப்பாடம் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். பக்கத்தில் 5 என்று போட்டால் 5 வினாடிக்கு ஒரு வரி வரும். முதல் வரியைத் தள்ளிவிடுங்கள். அது சர்வர் எழுந்த நாளிலிருந்து இன்றுவரையிலான சராசரி, இந்த நிமிடத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. இரண்டாவது வரியிலிருந்துதான் கதை. உங்கள் சர்வரில் காலை 10:30-க்கு வரும் வரி ஏறத்தாழ இப்படி இருக்கும் என்று ஊகிக்கிறேன்: 'ஆர்' 2, 'பி' 11, 'எஸ்ஐ' 0, 'எஸ்ஓ' 0, 'யூஎஸ்' 15, 'எஸ்ஒய்' 4, 'ஐடி' 23, 'டபிள்யூஏ' 58.

இடமிருந்து படியுங்கள். 'ஆர்' என்பது சிபியுவில் ஓடுவதும் அதற்குக் காத்திருப்பதும். 8 கோருக்கு 2 ஒன்றுமே இல்லை. அது நிலையாக 8-ஐத் தாண்டினால்தான் சிபியு பற்றாக்குறை. 'பி' 11 என்பது டிஸ்க் மாதிரியான ஒன்றில் மாட்டி நிற்கும் வேலைகள். நாம் தேடிய 12 பேரில் பெரும்பாலோர் இங்கே வந்துவிட்டார்கள். 'எஸ்ஐ', 'எஸ்ஓ' இரண்டும் ஸ்வாப்பிலிருந்து (ரேம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படுத்தும் இடம்) உள்ளே வருவதும் வெளியே போவதும். இரண்டும் 0. ரேம் போதவில்லை என்றால் முதலில் கத்துவது இந்த இரண்டு பத்திகள்தான். அவை வினாடிக்கு வினாடி ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தால் சாமான் விற்கிறவர் சொல்வது சரி. ஸ்வாப்பில் கொஞ்சம் இடம் பிடிக்கப்பட்டிருப்பது மட்டும் குற்றமில்லை; என்றோ தேவைப்படாமல் ஒதுக்கிய பக்கங்கள் அங்கே கிடக்கும், கிடக்கட்டும்.

'யூஎஸ்', 'எஸ்ஒய்' இரண்டும் சிபியு வேலை செய்த விழுக்காடு, 'ஐடி' சும்மா இருந்தது. 'டபிள்யூஏ' பற்றி ஒரு எச்சரிக்கை. சிபியு சும்மா இருந்த நேரத்தில், டிஸ்க் வேலை பாக்கி இருந்த பங்கைத்தான் அது காட்டுகிறது. அதுவும் ஒருவகைச் சும்மா நேரம்தான். அதே டிஸ்க் நெரிசல் இருக்கும்போது யாராவது கனமான கணக்கு ஒன்றை ஓட்டினால், சிபியு சும்மா இருக்கும் நேரம் குறைந்து 'டபிள்யூஏ'வும் குறையும். டிஸ்க் குணமாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அதனால்தான் நான் 'பி' பத்தியை அதிகம் நம்புகிறேன்.

300 எம்பி விஷயம். லினக்ஸ் காலி ரேமை வீணாக வைத்திருக்காது. டிஸ்க்கில் படித்ததையெல்லாம் அதில் வைத்துக்கொள்ளும் (இதுதான் கேஷ்), யாருக்காவது தேவைப்பட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். பல மாதம் ஓடும் சர்வரில் காலி ரேம் குறைவாக இருப்பதுதான் இயல்பு. 'ஃப்ரீ' கட்டளையில் கடைசியில் இருக்கும் 'அவைலபிள்' பத்தியைப் பாருங்கள். 2014-இல் வந்த 3.14 கெர்னலிலிருந்து (லினக்ஸின் மையப் பகுதி), ஸ்வாப்புக்குப் போகாமல் புதிய வேலைகளுக்கு எவ்வளவு கொடுக்க முடியும் என்ற கணிப்பைக் கெர்னலே தருகிறது. உங்களிடம் அது பல ஜிபி இருக்கும் என்று நினைக்கிறேன். இதைத் தெரியாமல், ரேமைக் காலி செய்யும் கட்டளை என்று ஒன்றை இரவுதோறும் கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் வசதி) போட்டு வைக்கிறவர்கள் உண்டு. அது கேஷை வாரிக் கொட்டிவிடும். காலையில் எல்லாவற்றையும் மறுபடி டிஸ்க்கிலிருந்தே படிக்க வேண்டும். உங்கள் சர்வரில் முன்பு யாராவது போட்டிருந்தால் முதல் வேலையாக எடுத்துவிடுங்கள்.

இனி டிஸ்க்கையே கேட்போம். 'சிஸ்ஸ்டாட்' தொகுப்பை நிறுவினால் 'ஐஓஸ்டாட்', 'பிட்ஸ்டாட்', 'சார்' மூன்றும் சேர்ந்தே வரும். 'ஐஓஸ்டாட்'டில் எக்ஸ் விருப்பத்தைச் சேர்த்து ஓட்டினால் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு நீள வரி. அதில் நான்கு எண் போதும்: வினாடிக்கு எத்தனை படிப்பு, எத்தனை எழுத்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மில்லிவினாடி காத்திருப்பு, வரிசையின் சராசரி நீளம்.

உங்கள் ஆலை எடைமேடையையே எடுத்துக்கொள்ளுங்கள். மேடையில் ஒரு நேரத்தில் ஒரு லோரிதான் ஏற முடியும். ஒரு லோரிக்கு 2 நிமிடம் என்றால், நாள் முழுக்க மேடை பாதி நேரம் மட்டுமே வேலை செய்தாலும், லோரிகள் சொல்லிவைத்தாற்போல் வராததால் ஒரு லோரி சராசரியாக 4 நிமிடம் செலவழிக்கும். மேடை 80 விழுக்காடு நேரம் வேலையில் இருந்தால் அது 10 நிமிடம். 90 என்றால் 20 நிமிடம். மேடை அதே மேடை, எடை போடும் வேகமும் அதே. கடைசிப் பத்து விழுக்காட்டில் மட்டும் காத்திருப்பு இரட்டிப்பாகிவிடுகிறது. டிஸ்க்கும் அப்படித்தான். நேற்றுவரை நன்றாக ஓடியது, இன்று கொஞ்சம்தான் வேலை கூடியது, எப்படித் திடீரென்று நின்றது என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கே பதில்.

நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க் ஒன்று, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய இடங்களைப் படிக்கும்போது, வினாடிக்கு 80 முதல் 100 தடவைதான் தாங்கும். காரணம் எளிது: தட்டு பாதிச் சுற்று வரவே 4 மில்லிவினாடிக்கு மேல் ஆகும், முனை நகர இன்னும் 8 அல்லது 9. எவ்வளவு விலை கொடுத்து சிபியு வாங்கினாலும் இந்த 12, 13 மில்லிவினாடி குறையாது. சாதாரண சாட்டா எஸ்எஸ்டிகூட இதே மாதிரிச் சிதறிய படிப்புகளை வினாடிக்குப் பல்லாயிரம் செய்யும். ஆகவே உங்கள் 'ஐஓஸ்டாட்' வரியில் வினாடிக்கு 80 படிப்பு, காத்திருப்பு 150 மில்லிவினாடி, வரிசை நீளம் 12 என்று வந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். இந்த மூன்றும் ஒன்றையொன்று சாட்சி சொல்லும்: 80-ஐ 0.15 வினாடியால் பெருக்குங்கள், 12 வரும். ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதி இது. வரும் வேகத்தைக் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கினால் உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை. எண்கள் இப்படிப் பொருந்தாமல் வந்தால் நீங்கள் தப்பான வரியைப் பார்க்கிறீர்கள், அல்லது இடைவெளி மிக நீளமாக இருக்கிறது.

அதே வரியில் கடைசியாக 'யூட்டில்' என்று ஒரு விழுக்காடு வரும். ஹார்ட் டிஸ்க்கில் அது 100 என்றால் நிரம்பிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். எஸ்எஸ்டியில் அப்படி எடுக்கக் கூடாது. அது ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்யும், 100 காட்டினாலும் இன்னும் இடம் இருக்கலாம்.

யார் இந்த வேலையைக் கொடுப்பது? 'பிட்ஸ்டாட்'டில் டி விருப்பம். ஒவ்வொரு புரோசஸும் எவ்வளவு படிக்கிறது, எவ்வளவு எழுதுகிறது என்று தெரியும். அநேகமாக போஸ்ட்கிரெஸ்தான் மேலே நிற்கும். அது படிப்பாலா, எழுத்தாலா என்று பிரித்துப் பார்ப்பதுதான் இங்கே முக்கியம், ஏனென்றால் ரேம் வாங்கலாமா என்ற கேள்விக்கு விடையும் அதில்தான் இருக்கிறது.

படிப்பால் என்றால், சம்பளக் கணக்கு ஏதோ ஒரு பெரிய டேபிளை அடியிலிருந்து நுனிவரை படிக்கிறது. குலை எடைச் சீட்டு டேபிளில் வருடக்கணக்கான பதிவு இருக்கும். ஒரு மண்டோரின் (மேற்பார்வையாளர்) கும்பலுக்குப் போன மாதக் குலைக் கணக்கை எடுக்க, இன்டெக்ஸ் (தேடும் பதிவுக்கு நேராகப் போக உதவும் அட்டவணை) இல்லாமல் எல்லா வருடத்தையும் புரட்டினால் இப்படித்தான் ஆகும். இந்த நிலையில் 64 ஜிபி ரேம் போட்டால் சர்வர் உண்மையிலேயே வேகமாகிவிடும், டேபிள் முழுக்க கேஷில் உட்கார்ந்துகொள்ளும். விற்றவர் பெருமையாகச் சிரிப்பார். டேபிள் வளர வளர பழைய கதை திரும்பும், அப்போது இன்னும் பெரிய ரேம் கேட்பார். ஒரு இன்டெக்ஸுக்குக் காசு கிடையாது. போஸ்ட்கிரெஸ் அமைப்பில், மென்பொருள் டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விகளில் (குவெரி) நீண்ட நேரம் ஓடுபவற்றைப் பதியும் வசதி ஆரம்பத்தில் அணைந்தே இருக்கும். அதை 1,000 மில்லிவினாடி என்று வைத்து ஒரு சம்பள வாரம் ஓடவிடுங்கள். பதிவில் மேலே வரும் கேள்வியை, டேட்டாபேஸ் அதை எப்படித் தேடுகிறது என்று காட்டும் 'எக்ஸ்பிளெயின்' போட்டுப் பாருங்கள். மென்பொருள் எழுதியவரிடம் "மெதுவாக இருக்கிறது" என்று சொன்னால் அவர் சர்வரைக் கை காட்டுவார். இந்தக் கேள்வி, இத்தனை வினாடி, இன்டெக்ஸ் இல்லாமல் முழு டேபிளையும் படிக்கிறது என்று காட்டினால் தப்பிக்க வழி இல்லை.

எழுத்தால் என்றால் ரேம் பெரிதாக உதவாது. ஒவ்வொரு எடைச் சீட்டும் பதிவாகும்போது, அது உண்மையிலேயே டிஸ்க்கில் எழுதப்பட்டுவிட்டது என்ற உறுதி கிடைக்கும்வரை டேட்டாபேஸ் காத்திருக்கும். கரண்ட் போனாலும் சீட்டு தொலையக் கூடாது என்பதற்காக வைத்திருக்கும் ஏற்பாடு, அதை அணைக்கச் சொல்லும் யோசனை யார் கொடுத்தாலும் கேட்காதீர்கள். இடி மின்னலுக்குப் பேர்போன ஊர் நம்முடையது. இதற்கு மருந்து எஸ்எஸ்டி. கரண்ட் போகும்போது கையிலிருப்பதை எழுதி முடிக்கும் பாதுகாப்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ரெய்டு கார்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும் அட்டை) இருக்கும் சர்வர் என்றால் அதன் பேட்டரியைச் சோதியுங்கள். பேட்டரி செத்தால் பல கார்டுகள் கேஷில் எழுதுவதை நிறுத்தி நேராக டிஸ்க்கில் எழுத ஆரம்பிக்கும், ஒரே இரவில் எழுத்து வேகம் படுத்துவிடும், யாரும் எதையும் மாற்றியிருக்க மாட்டார்கள். இன்னொன்று, பெரிய சம்பள அறிக்கைகள் வரிசைப்படுத்தும்போது டேட்டாபேஸுக்குக் கொடுத்த நினைவகம் போதாமல் தற்காலிகக் கோப்புகளை டிஸ்க்கில் கொட்டும். போஸ்ட்கிரெஸில் 'வொர்க் மெம்' ஆரம்ப அளவு 4 எம்பிதான். முழு சர்வருக்கும் அதைக் கண்டபடி ஏற்றாமல், அந்த அறிக்கை ஓடும் இணைப்புக்கு மட்டும் ஏற்றுங்கள்.

உங்கள் விஷயத்தில் எனக்கு வேறொரு ஆள்மேலும் கண் இருக்கிறது. டிஸ்க் நகல் லினக்ஸின் சொந்த மென்பொருள் ரெய்டு என்றால், டெபியன், உபுண்டு வகையில் இரண்டு டிஸ்க்கும் ஒத்துப்போகிறதா என்று முழுவதும் படித்துச் சரிபார்க்கும் வேலை மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும்படி தானாகவே அமைந்திருக்கும். முதல் ஞாயிறு எப்போதும் 1-க்கும் 7-க்கும் இடையில்தானே வரும். மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளமும் மாதம் முடிந்து 7 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். ஆக, பெரிய டிஸ்க்கில் பல மணி நேரம் இழுக்கும் அந்தச் சோதனையும் உங்கள் சம்பள வேலையும் ஒரே வாரத்தில் விழும்படியே நாட்காட்டி அமைந்திருக்கிறது. 'புரோக்' ஃபோல்டரில் 'எம்டிஸ்டாட்' கோப்பைத் திறந்தால் ஓடுகிறதா என்று தெரியும். ஓடினால் நிறுத்திவிடாதீர்கள், மாதத்தின் மூன்றாவது ஞாயிறுக்கு மாற்றுங்கள். சோதனை தேவையான ஒன்றுதான், நேரம்தான் சரியில்லை. பேக்கப் எத்தனை மணிக்கு ஓடுகிறது, காலை பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து எல்லாரும் செக்ரோல் ஏற்றும் நேரத்தில் இன்னும் முடியாமல் இழுக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

திரை உறைந்திருக்கும்போது லோட் 1-தான், டிஸ்க்கும் சும்மா இருக்கிறது என்று ஒரு நாள் வரலாம். அது முற்றிலும் வேறு நோய். டேட்டாபேஸில் ஒரு பூட்டுக்காகக் காத்திருக்கும் இணைப்பு சாதாரணத் தூக்கத்தில் இருக்கும், லோட் கணக்கில் சேராது. கிராணி சம்பளத் திரையில் ஒரு திருத்தத்தைத் தொடங்கிவிட்டு, சேமிக்காமல் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பார்; அவர் பிடித்திருக்கும் பதிவை எடைமேடை கேட்டுக்கொண்டு நிற்கும். வெளியே லோரிகள். போஸ்ட்கிரெஸின் 'பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி' பார்வையில் யார் எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று ஒரு பத்தி உண்டு. அதில் 'லாக்' என்று வந்தால் சர்வரை விட்டுவிட்டு, திறந்தபடி விட்டுப் போன இணைப்பைத் தேடுங்கள்.

நெட்வொர்க்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். எடைமேடைக் குடிலில் மெதுவாக இருக்கும் அதே திரையை, ஆபீசில் சர்வர் இருக்கும் அதே ஸ்விட்சில் ஒரு கணினியைச் செருகித் திறந்து பாருங்கள். ஆபீசில் பறந்தால் வழிதான் குற்றவாளி. செம்புக் கேபிள் 100 மீட்டருக்குமேல் போயிருக்கிறதா, 'ஈத்டூல்' காட்டும் வேகம் 10 அல்லது 100 ஹாஃப் டூப்ளெக்ஸ் என்று இறங்கியிருக்கிறதா, பிழைக் கணக்கு ஏறிக்கொண்டே போகிறதா பாருங்கள். மின்னல் பக்கத்தில் விழுந்தால் போர்ட் எப்போதும் முழுசாகச் சாவதில்லை. பாதி உயிரோடு இருந்து மாதக்கணக்கில் உயிரை வாங்கும். குடிலுக்கு ஃபைபர் இழுப்பது இந்த ஊரில் ஆடம்பரமில்லை.

இவ்வளவும் தடுமாறும் நேரத்தில் பார்க்க வேண்டியவை. ஆனால் அந்த நேரத்து எண் மட்டும் கையில் இருந்தால் பாதிதான் புரியும். காத்திருப்பு 40 மில்லிவினாடி என்று ஒருவர் என்னிடம் சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, நன்றாக ஓடும் நாளில் எவ்வளவு என்பதுதான். பெரும்பாலும் பதில் வராது. அதற்குத்தான் 'சார்'. அது பின்னணியில் உட்கார்ந்து, வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை, சிபியு, ரேம், ஸ்வாப், டிஸ்க், நெட்வொர்க் எல்லாவற்றையும் சின்னக் கோப்பில் எழுதிக்கொண்டிருக்கும். போன செவ்வாய்க்கிழமை காலை 10 முதல் 11 வரை எப்படி இருந்தது என்று பிறகு கேட்டால் சொல்லும். சர்வருக்கு அது ஒரு சுமையே இல்லை.

உபுண்டுவில் மூன்று இடத்தில் கை வைக்க வேண்டும். முதலில், நிறுவினாலும் பதிவு அணைந்தே இருக்கும். 'ஈடிசி'யின் கீழ் 'டிஃபால்ட்' ஃபோல்டரில் 'சிஸ்ஸ்டாட்' கோப்பில் அதை 'ட்ரூ' ஆக்குங்கள். இரண்டாவது, வைத்திருக்கும் நாட்கள் 7 என்றிருக்கும். உங்களுக்கு அது எதற்கும் உதவாது, ஏனென்றால் உங்கள் பிரச்சினை மாதத்துக்கு ஒருமுறை வருவது. போன சம்பள வாரத்தோடு இந்தச் சம்பள வாரத்தை ஒப்பிட வேண்டும். 90 நாள் வையுங்கள், முடிந்தால் ஒரு வருடம். செம்பனை விளைச்சல் கூடும் மாதங்களில் லோரி வரத்தும் கூடும், அதையும் கணக்கில் எடுக்கலாம். மூன்றாவது, 10 நிமிட இடைவெளியை 1 நிமிடமாக்குங்கள். மூன்று நிமிடம் உறைந்து எழும் சர்வர் 10 நிமிடச் சராசரியில் சாதுவாகத்தான் தெரியும்.

உபுண்டு 20.04 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் இன்னொரு நல்ல சாமானும் இருக்கிறது. 2018 டிசம்பரில் வந்த 4.20 கெர்னலிலிருந்து 'புரோக்'கின் கீழ் 'பிரஷர்' என்று ஒரு ஃபோல்டர் உண்டு. அதில் சிபியு, மெமரி, ஐஓ என்று மூன்று கோப்பு. ஐஓ கோப்பைத் திறந்தால் இரண்டு வரி. 'சம்' வரி, ஒரு வேலையாவது டிஸ்க்குக்காகத் தேங்கி நின்ற நேரம் எத்தனை விழுக்காடு என்கிறது; 'ஃபுல்' வரி, செய்ய வேலை இருந்தவை எல்லாமே ஒரே நேரத்தில் தேங்கி நின்ற பங்கு. கடந்த 10, 60, 300 வினாடிக்கான சராசரிகள் பக்கத்திலேயே இருக்கும். லோட் ஆவரேஜைப் போல எதற்குக் காத்திருப்பு என்று ஊகிக்க வேண்டியதில்லை, மூன்றும் தனித்தனியாகவே வருகின்றன. மெமரி கோப்பில் எல்லாம் 0.00 என்றால், ரேம் விற்கிறவரிடம் அதைப் படம் பிடித்துக் காட்டுங்கள்.

நீங்கள் ஆபீசில் இல்லாத நேரத்தில் உறைந்தால் என்ன செய்வது? ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். நிமிடத்துக்கு ஒருமுறை கிரானில் ஓடட்டும். லோட் 8-ஐத் தாண்டினால் மட்டும், 'விஎம்ஸ்டாட்' ஐந்து வரி, 'ஐஓஸ்டாட்' ஐந்து வரி, 'டி' நிலையில் இருக்கும் புரோசஸ்களின் பட்டியல், பிரஷர் கோப்புகள் மூன்று, டேட்டாபேஸில் அந்த நேரம் ஓடும் கேள்விகள் எல்லாவற்றையும் நேரம் போட்டு ஒரு கோப்பில் கொட்டட்டும். ஆபீசில் இருப்பவர்களிடம் ஒன்று கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்: ரீபூட் செய்வதற்குமுன் உங்களைக் கூப்பிட வேண்டும். ரீபூட் செய்தால் உடனே சரியாவதுபோல் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் யார் எதற்கு நின்றார்கள் என்ற தடயம் போய்விடும், கேஷும் காலியாகி அடுத்த ஒரு மணி நேரம் டிஸ்க்குக்கு இன்னும் கூடுதல் வேலை. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் போடாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும் என்று அவசரப்படுத்துவார்கள், நியாயமான அவசரம்தான். அதற்குத்தான் ஸ்கிரிப்ட், மனிதர்கள் பொறுமை காட்டுவார்களா என்று அது காத்திருக்க வேண்டியதில்லை. ஓடும் டேட்டாபேஸில் 'எஸ்ட்ரேஸ்' (புரோசஸ் கெர்னலிடம் கேட்பதையெல்லாம் பிடித்துக் காட்டும் கருவி) போட்டுப் பார்க்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள், ஏற்கெனவே திணறும் புரோசஸை அது மேலும் இழுத்துப் பிடிக்கும்.

கிராஃபானா, புரோமிதியஸ் மாதிரிக் கண்காணிப்பு மென்பொருள் எல்லாம் வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஒரு சர்வருக்கு வேண்டாம். அழகான வரைபடம் கிடைக்கும், அதைப் பராமரிக்க இன்னொரு வேலையும் கிடைக்கும். ஆலை, தோட்ட ஆபீஸ், லேப் என்று நாலைந்து இயந்திரம் ஆகும்போது யோசிக்கலாம்.

கடைசியாக ஏஐஎக்ஸ். 'விஎம்ஸ்டாட்', 'ஐஓஸ்டாட்', 'சார்' மூன்றும் அங்கே உண்டு, பத்திகளின் பெயர் கொஞ்சம் மாறும்; ஸ்வாப் நடமாட்டத்தை 'பிஐ', 'பிஓ' பத்திகளில் பாருங்கள். 'ஃப்ரீ' கட்டளை இல்லை. 'டாப்' இடத்தில் 'டோபாஸ்', அதோடு 'என்மான்'. லினக்ஸ் போலவே கோப்புகளை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அதற்கும் இருப்பதால், காலி ரேம் குறைவு என்று அங்கேயும் பயப்படத் தேவையில்லை. ஒரு பெரிய இயந்திரத்தைப் பங்கு போட்டு ஓட்டுகிறார்கள் என்றால் 'பிசி', 'ஈசி' என்று இரண்டு பத்தி வரும். முதலாவது உண்மையில் பயன்படுத்திய கோர், இரண்டாவது ஒதுக்கிய பங்கில் எத்தனை விழுக்காடு. வரம்பு போடாத பங்கில் 'ஈசி' 100-ஐத் தாண்டுவது சகஜம், அது பிழையில்லை. 'சார்' பதிவு அங்கேயும் தானாக ஓடாது: 'ஏடிஎம்' பயனரின் கிரான் பட்டியலில் 'எஸ்ஏ1', 'எஸ்ஏ2' வரிகள் குறிப்பாக்கி முடக்கப்பட்டிருக்கும். தலைமை ஆபீசில் ரூட் உரிமை உள்ளவரிடம் அந்த வரிகளின் முன்னால் உள்ள குறியை எடுத்துவிடச் சொல்லுங்கள்.